மூச்சு வாங்குதுன்னு உட்கார்ந்துடாதீங்க! – நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றி ஒரு விளக்கம்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி எழுதுவோம். இந்த மாதம் மூச்சைப் பற்றி எழுதுகிறோம். காரணம், நம் கூட்டமைப்பின் குழு ஒன்றில் நடந்த ஒரு விஷயம். அதில் எங்கள் தவறும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு கிராமம். குழுவில் 12 பேர். அதில் ஒரு அக்காவுக்கு 52 வயது. சின்னப் பிள்ளையிலிருந்து ஏரியில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் இறால் தடவிப் பிழைத்தவர். வீட்டுக்கு வந்தால் சவுக்கு மிலாறும் வேலிகாத்தான் முள்ளும் வைத்து அடுப்பு ஊதிச் சமையல். பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்த பீடிப் புகை எல்லாம் அக்காவுக்கும் சேர்ந்துதான் போனது.

கடந்த வருடம் அந்த அக்கா கூட்டத்துக்குத் தாமதமாக வர ஆரம்பித்தார். பிறகு வருவதே இல்லை. பணத்தை மட்டும் பேத்தியிடம் கொடுத்து அனுப்புவார். குழு விதிப்படி வராத கூட்டத்துக்கு 10 ரூபாய் அபராதம். ஆறு கூட்டத்துக்கு 60 ரூபாய் போட்டார்கள். நாங்களும் ஆய்வுக்குப் போனபோது நோட்டைப் பார்த்து, "உறுப்பினர் வருகை குறைவு, ஆர்வம் இல்லை" என்று எழுதிவிட்டு வந்தோம். வீடு மூன்று தெரு தள்ளித்தான். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒருநாள் போனோம். அக்கா வாசற்படி வரை வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பேச்சு வரவே சிறிது நேரம் ஆனது. பிறகு சொன்னார்: "கூட்டம் நடக்கற இடத்துக்கு வர்றதுக்குள்ள நாலு தடவை நிக்கணும்மா. நடுரோட்ல நின்னு இரைச்சா பாக்கறவங்க என்னா நினைப்பாங்க? அதுக்குப் பத்து ரூபா ஃபைனே கட்டிட்டுப் போயிடலாம்."

அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அது ஆர்வக் குறைவு இல்லை, நுரையீரல் நோய்.

இது என்ன நோய்?

நம் நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரல்கள் இருக்கின்றன. மூச்சுக்குழாய் மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து, கடைசியில் சின்னச் சின்னக் காற்றுப் பைகளில் முடிகிறது. அங்கேதான் பிராணவாயு ரத்தத்தில் கலக்கிறது.

பல வருடம் புகையும் தூசும் உள்ளே போனால் இந்தக் குழாய்கள் வீங்கி, சளி கட்டி, குறுகிப் போகும். காற்றுப் பைகளும் கிழிந்து தொளதொளவென்று ஆகும். இதனால் உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. பழைய காற்று உள்ளேயே தங்கிவிட்டால் புதுக் காற்றுக்கு இடம் ஏது? அதுதான் மூச்சுத் திணறல். டாக்டர்கள் இதை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்கிறார்கள்.

இதையும் ஆஸ்துமாவையும் ஒன்று என்று பலர் நினைக்கிறோம். ஆஸ்துமா பெரும்பாலும் வரும், போகும். இடையில் மூச்சு நன்றாக இருக்கும். சி.ஓ.பி.டி. பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் மெதுவாக ஆரம்பிக்கும். முதலில் காலையில் சளியோடு இருமல். பிறகு மேடு ஏறினால் இரைப்பு. பிறகு சமதரையில் நடந்தாலே இரைப்பு. மெதுவாக வருவதால் "வயசாயிடுச்சு, அதான்" என்று நாமே விட்டுவிடுகிறோம்.

பீடி குடிக்காத பெண்களுக்கும் வருமா?

வரும். இதை நம் மாவட்டத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், 30 வயதைத் தாண்டிய, புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்த ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் 100-க்கு 2.44 பேருக்கு இந்த நோய் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலில் இருப்பவர்களில் 100-க்கு 3 பேருக்கு இருந்தது. விறகு எரிப்பவர்களில் 2.5, கேஸ் வைத்திருப்பவர்களில் 2. வித்தியாசம் சிறியதாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இன்றைக்குக் கேஸ் வைத்திருப்பவர்களும் முன்பு பல வருடம் விறகில் ஊதியவர்களாக இருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வயதில் 1000 உறுப்பினர்கள் இருந்தால் 24 பேர். அந்த 24 பேரில் எத்தனை பேர் அபராதம் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

விறகு, வறட்டி, முள் எரியும் புகை, பீடி சிகரெட் புகை, அரிசி ஆலை உமித் தூசு, செங்கல் சூளைப் புகை, நிலக்கரித் தூசு எல்லாமே காரணம் ஆகலாம். முன்பு டி.பி. வந்து குணமானவர்களுக்கும் நுரையீரலில் தழும்பு நின்று, பின்னால் இதே மாதிரி இரைப்பு வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் விஷயம்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்து டி.பி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். டி.பி. இருந்தால் அந்த மருந்தை முழுதாக முடிப்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது, ஊதும் டெஸ்ட். இதற்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். ஒரு குழாயில் முழுமூச்சையும் வேகமாக, முடியும்வரை ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று கருவி கணக்குப் போடும். வலி இல்லை, ஊசி இல்லை. எக்ஸ்ரே மட்டும் எடுத்து இந்த நோயை உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் "ஊதற டெஸ்ட் எழுதுங்க டாக்டர்" என்று நாமே கேட்கலாம். மூச்சு வாங்குவது இருதய நோயாலும் ரத்தசோகையாலும் கூட வரும். ஆகவே அதையும் பார்த்துவிட வேண்டும்.

உட்கார உட்கார என்ன ஆகிறது?

இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். மெதுவாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நடந்தால் இரைக்கிறது. இரைத்தால் பயம். பயத்தில் நடப்பதைக் குறைக்கிறோம். தண்ணீர் எடுப்பதை மருமகளிடம் விடுகிறோம். கடைக்குப் பேத்தியை அனுப்புகிறோம். வீட்டில் உள்ளவர்களும் பாசத்தில், "நீ உட்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்கிறார்கள்.

சில மாதத்தில் தொடைச் சதை, கெண்டைக்கால் சதை எல்லாம் கரைந்துவிடும். பலம் இல்லாத கால் அதே பத்தடி நடக்கவும் அதிகப் பிராணவாயு கேட்கும். நுரையீரலால் கொடுக்க முடியாது. அதனால் முன்னைவிட அதிகமாக இரைக்கும். இன்னும் உட்காருவோம், கால் இன்னும் இளைக்கும். இப்படியே போய் ஒருநாள் வீட்டுக்குள் கழிவறைக்குப் போகவே துணை வேண்டும்.

ஆக, கெட்டுப்போனது நுரையீரல் மட்டும் இல்லை. காலும் கெட்டுப்போகிறது. நுரையீரலில் கிழிந்ததைத் தைக்க முடியாது. ஆனால் கால் சதையை எந்த வயதிலும் திரும்பப் பலப்படுத்த முடியும். கால் பலமானால், அதே நுரையீரலை வைத்துக்கொண்டே அதிக தூரம் நடக்கலாம்.

ஒரு காலத்தில் டாக்டர்களே இந்த நோயாளிகளை ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள். 1960-களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் பெட்டி போன்றவர்கள் நோயாளிகளை முறையாக நடக்க வைத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. அதன் பிறகு உலகம் முழுவதும் பரிசோதித்தார்கள். 65 ஆய்வுகளில் 3,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2015-ல் வந்தது. பயிற்சி எடுத்தவர்களுக்கு மூச்சுத் திணறலும் அசதியும் குறைந்தன. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், பயிற்சி எடுக்காதவர்களைவிட சராசரியாக 44 மீட்டர் கூடியது. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் அது ஏறக்குறைய ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை உள்ள தூரம். வாசலோடு நின்றுவிட்டவருக்கு அது குழாயடி வரை போகிற தூரம்.

உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில், டி.பி. குணமான பிறகும் இரைப்பு விடாதவர்களுக்கு வாரம் இரண்டு முறை, ஆறு வாரம் இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்விலும் நடக்கும் தூரம் கூடியது. நம்மைப் போன்ற ஏழை எளிய மக்கள்தான் அவர்களும்.

மறுவாழ்வுப் பயிற்சி என்றால் என்ன?

அது ஒரு மாத்திரையோ ஊசியோ இல்லை. 6 முதல் 8 வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கும் ஒரு பயிற்சித் திட்டம். முதலில் டாக்டரும் இயன்முறை மருத்துவரும் (பிசியோதெரபிஸ்ட்) பரிசோதிப்பார்கள். ஆறு நிமிடம் நடக்க விட்டு எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். விரலில் கருவி மாட்டிப் பிராணவாயு அளவு பார்ப்பார்கள். அதற்கு ஏற்றபடி நடை, கை கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, சளி எடுக்கும் முறை, மருந்து எடுக்கும் முறை, சாப்பாடு, மனதைரியம் எல்லாம் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். பெரிய மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவிலும் இயன்முறை சிகிச்சைப் பிரிவிலும் "நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி வேணும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நம் அக்காவைப் பொன்னேரி வரை பஸ்ஸிலும், அங்கிருந்து ரயிலிலும் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ஸ்டேஷன் படி ஏறவே கால் மணி நேரம் ஆனது. அங்கே ஊதும் டெஸ்ட் எடுத்து, பம்பு கொடுத்து, பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். வாரம் மூன்று முறை சென்னைக்குப் போய்வர முடியாது. அதனால் சொல்லிக் கொடுத்ததை ஊரிலேயே செய்வது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுவது என்று முடிவானது. அங்கே கற்றதைத்தான் கீழே எழுதுகிறோம்.

ஒரு எச்சரிக்கை: டாக்டர் பார்த்து, "நடக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம் வருபவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள், டி.பி. மருந்தை இப்போதுதான் ஆரம்பித்தவர்கள் தாமாகச் செய்யக் கூடாது.

1. ஊதும் மூச்சு

நிமிர்ந்து உட்காருங்கள். தோளைத் தளர விடுங்கள். வாயை மூடி மூக்கால் ஒன்று, இரண்டு எண்ணும் வரை மூச்சு இழுங்கள். பிறகு விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணும் வரை மெதுவாக ஊதுங்கள். எதிரே விளக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது. அதுதான் வேகம்.

உதட்டைக் குவித்து ஊதும்போது குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாது. உள்ளே தங்கிய பழைய காற்று வெளியேற நேரம் கிடைக்கும். எந்த வேலையிலும் கஷ்டமான நேரத்தில் ஊத வேண்டும். குடத்தைத் தூக்கும்போது ஊது, படி ஏறும்போது ஊது, குனிந்து எழும்போது ஊது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவது கூடாது.

திடீரென்று இரைத்தால் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்கால் மேல் ஊன்றி ஊதுங்கள். வழியில் என்றால் சுவரில் சாய்ந்து ஊதுங்கள். படுக்க வேண்டாம்.

2. நடை

மணலில் நடந்தால் சீக்கிரம் இரைக்கும். அதனால் முதலில் சிமெண்ட் ரோட்டில் நடங்கள். காலை வெயிலுக்கு முன், அடுப்புப் புகை கிளம்பும் முன் நடப்பது நல்லது. டாக்டர் பம்பு கொடுத்திருந்தால் நடைக்கு முன் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேகம்? மூச்சு வாங்க வேண்டும். வாங்காமல் நடந்தால் பலன் குறைவு. ஆனால் பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவு போதும். இரைப்புக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. 3 அல்லது 4-ல் நடக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் நின்று, ஊதி, தணிந்ததும் மீண்டும் நடங்கள். நின்று நின்று நடப்பதும் கணக்கில் சேரும்.

முதல் இரண்டு வாரம் தினம் 5 நிமிடம், காலை மாலை இரண்டு வேளை. மூன்றாம் நான்காம் வாரம் 10 நிமிடம். ஐந்தாம் ஆறாம் வாரம் 15 நிமிடம். ஏழாம் எட்டாம் வாரம் 20 நிமிடம். இது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. முடியாதவர்கள் பழைய அளவிலேயே இன்னும் ஒரு வாரம் இருக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் ஐந்து நாளாவது நடங்கள்.

3. கால், கை பலம்

ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று நாள் செய்யுங்கள். நகராத நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முதலில் 5 தடவை, போகப் போக 10 தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், 10 தடவை. அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இரண்டு கையிலும் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள், 10 தடவை. தூக்கும்போது ஊத மறக்காதீர்கள். கைக்குப் பயிற்சி எதற்கு என்றால், துணி காயப்போட, தலை வார, பரண் மேல் எடுக்கக் கையைத் தூக்கினாலே இவர்களுக்கு இரைக்கும்.

4. சளி எடுப்பது

விடாமல் இருமினால் நெஞ்சு வலிக்கும், சளி வராது. நான்கைந்து தடவை ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள். பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய வைப்பது போல "ஹா" என்று அழுத்தி ஊதுங்கள். இரண்டு முறை செய்தால் சளி மேலே ஏறும். அப்புறம் ஒரே ஒரு இருமல் போதும். டாக்டர் தடை சொல்லாவிட்டால் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

5. வேலையைப் பிரித்துச் செய்வது

எல்லா வேலையையும் காலையிலேயே முடிக்கப் பார்க்காதீர்கள். கனமான வேலைக்கும் கனமான வேலைக்கும் நடுவில் லேசான வேலை வையுங்கள். தரையில் குந்தி மீன் ஆய்ந்தால் வயிறு நெஞ்சை அழுத்தும். சின்ன முக்காலி போட்டு உட்காருங்கள். ஒரு குடத்தை இரண்டு அரைக்குடமாக எடுங்கள். குளித்த பிறகு துவட்டவும் உட்காருங்கள். இதெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை. மிச்சம் பிடித்த மூச்சை நடைக்குச் செலவு செய்கிறோம், அவ்வளவுதான்.

"பம்பு போட்டா பழகிடும்" என்கிறார்களே?

இது தவறான பயம். பம்பு (இன்ஹேலர்) போதைப் பொருள் இல்லை. மாத்திரையாக விழுங்கினால் மருந்து உடம்பு முழுக்கச் சுற்றும். பம்பில் மிகக் குறைந்த மருந்து நேராக நுரையீரலுக்குப் போகும்.

ஆனால் போடும் முறை முக்கியம். பம்பைக் குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதட்டால் மூடி, மெதுவாக இழுக்க ஆரம்பித்ததும் அழுத்துங்கள். இழுத்து முடித்து 10 எண்ணும் வரை மூச்சைப் பிடித்து வையுங்கள். கையும் மூச்சும் சேராதவர்கள் நடுவில் மாட்டும் ஸ்பேசர் என்ற குப்பியைக் கேட்டு வாங்குங்கள். பொடி மருந்து வைக்கும் கருவி என்றால் முறை வேறு. டாக்டர் முன்னாலேயே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். ஸ்டீராய்டு மருந்து என்றால் போட்ட பின் வாய் கொப்பளிக்க வேண்டும். நிமோனியா, ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாடும் புகையும்

வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு முட்டும். மூன்று வேளையை ஐந்து சின்ன வேளையாகப் பிரியுங்கள். சதை வளர மீன், முட்டை, பருப்பு, சுண்டல் வேண்டும். விலை அதிக மீன் தேவையில்லை. நெத்திலியும் மத்தியும் போதும். நல்ல மீனை எல்லாம் விற்றுவிட்டு வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நோயாளிக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். ரத்தக்கொதிப்பு இருந்தால் கருவாட்டைக் குறையுங்கள்.

எவ்வளவு பயிற்சி செய்தாலும் புகை நிற்காவிட்டால் நோய் ஏறிக்கொண்டே போகும். சிலிண்டர் வாங்கக் காசு இல்லாத மாதங்கள் நம் வீடுகளில் உண்டு என்று எங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் அடுப்பைத் திறந்தவெளிக்கு மாற்றுங்கள், காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள், சட்டியை மூடிச் சமையுங்கள். இருக்கிற கேஸை முதலில் நோயாளி இருக்கும் வீட்டுக்குள் சமைக்கும் வேளைக்குப் பயன்படுத்துங்கள். அடுப்பு ஊதும் வேலையை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். கொசுவர்த்திப் புகை, குப்பை எரிக்கும் புகையும் இதே கணக்குதான். வீட்டு ஆண்கள் பீடியை விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

வழக்கத்தைவிட இரைப்பு கூடினால், சளி அதிகமானால், சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், காய்ச்சல் வந்தால், கால் வீங்கினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

உதடு, நகம் நீலமானால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், குழப்பமாகப் பேசினால், நெஞ்சுவலி வந்தால், சளியில் நிறைய ரத்தம் வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி (பல்ஸ் ஆக்சிமீட்டர்) குழுவில் இருந்தால் நடைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். 88-க்குக் கீழே இறங்கினால் நடையை நிறுத்தி, டாக்டரிடம் சொல்லுங்கள்.

அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?

முதல் நாள் அக்காவால் இரண்டு மின்கம்பம் வரைதான் நிற்காமல் நடக்க முடிந்தது. "என்னால ஆகாதும்மா" என்று அழுதார். குழுவில் இருந்த இரண்டு பேர், காலையில் ஒருவர் மாலையில் ஒருவர் என்று முறை வைத்துக் கூட நடந்தார்கள். அக்கா நின்றால் அவர்களும் நின்றார்கள். மூன்று பேராக நிற்கும்போது யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்களே. நான்காம் வாரம் சளி பிடித்து ஐந்து நாள் நின்றுபோனது. திரும்பக் குறைந்த அளவிலிருந்து ஆரம்பித்தார்கள். எட்டாம் வாரம் ஏழு கம்பம் நிற்காமல் நடந்தார்.

திரும்ப ஊதும் டெஸ்ட் எடுத்தபோது அளவு அப்படியேதான் இருந்தது. நுரையீரல் மாறவில்லை. அக்கா இனி ஏரியில் இறங்கி இறால் தடவ முடியாது. அதை டாக்டர் சொன்ன அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. இப்போது உட்கார்ந்தபடி பனை ஓலைப் பின்னல் செய்கிறார். வருமானம் முன்பு போல இல்லை. ஆனால் தானே குளிக்கிறார், தானே கடைக்குப் போகிறார். கூட்டத்துக்கு வருகிறார், வழியில் ஒருமுறை நிற்கிறார்.

எட்டு வாரம் முடிந்ததும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பலன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். இது மருந்து போலத் தொடர வேண்டிய விஷயம்.

குழு என்ன செய்யலாம்?

• இரண்டு கூட்டம் தொடர்ந்து வராத உறுப்பினர் வீட்டுக்கு, அபராதம் போடும் முன் இரண்டு பேர் போய்ப் பாருங்கள்.

• "சமதரையில் நடந்தால் இரைக்கிறதா? உங்கள் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா?" என்ற இரண்டு கேள்வியை அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் கேளுங்கள்.

• பரிசோதனைக்குப் போகும் பஸ், ரயில் செலவுக்கு அவசர உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள்.

• கூட நடக்க முறை வையுங்கள். எத்தனை கம்பம், இரைப்புக்கு எத்தனை மார்க் என்று ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள்.

• கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்கள் நம் குழுப் பெண்கள்தான். வீடு தேடிவரும் இயன்முறை சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. உங்கள் பகுதித் தன்னார்வலரிடம் கேளுங்கள். ஆலோசனைக்கு 104 எண்ணிலும் கேட்கலாம்.

• முடியாத உறுப்பினர் இருந்தால் கூட்டத்தை அவர் வீட்டு வாசலிலேயே நடத்துங்கள். கூட்டம் எந்தத் திண்ணையில் நடந்தாலும் கூட்டம்தான்.

சகோதரிகளே, அந்தக் குழு போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதியது. அக்காவுக்குப் போட்ட 60 ரூபாய் அபராதத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று. அக்கா அதை வாங்கி, அங்கேயே தன் சேமிப்பில் வரவு வைக்கச் சொன்னார். நாங்களும் பழைய ஆய்வு அறிக்கையில் "ஆர்வம் இல்லை" என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, "உடல்நலம் இல்லை, நாம் விசாரிக்கவில்லை" என்று திருத்தி எழுதினோம்.

உங்கள் குழுவின் வருகைப் பதிவேட்டையும் இந்த மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். தொடர்ந்து விடுபட்ட பெயர் இருந்தால், கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டுக்கு நடந்து போய்ப் பாருங்கள்.